நாங்கள் போகாத உணவகம்

எனக்குப் பத்து வயதானபோது, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜின் மூன்றாம் மாடியில், ஆறாம் இலக்க அறையில் ஏழு மாதங்கள் இருந்தோம். அம்மா, அக்கா, நான். அப்பா யாழ்ப்பாணத்தில் வீட்டைக் காத்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கனடாவுக்கு அனுப்பவே வந்திருந்தோம். பள்ளிக்கூடம் இல்லாததால், காலி வீதி என்ற பெருந்தெருவில் போகும் வாகனங்களின் இலக்கங்களை ஜன்னலடியில் இருந்து ஒரு கொப்பியில் எழுதுவதே என் வேலை. நேரம், நிறம், இலக்கம் என்று மூன்று நிரல்கள். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அக்கா இன்னொருவரின் மனைவியாகப் பிரயாணம் செய்யவேண்டும் என்று, ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் சொல்லியிருந்தான். கள்ளப் பாஸ்போட்டின்படி இருவரும் கொழும்பில் வசதியாக வாழும் தம்பதி. ஆகவே அவளுக்குக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்கத் தெரிய வேண்டும். அந்த மனிதரோடு கூச்சமில்லாமல் கதைக்கவும் தெரிய வேண்டும். உயர்தரமான ஓர் உணவகத்தில் இருவரையும் ஒரு மத்தியானம் உட்காரவைத்துப் பழக்குங்கள் என்றான்.

உணவகத்தைத் தேர்ந்தெடுத்தவர் பக்கத்து ஊரான பாமன்கடையில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி. மாமா எதையும் விசாரித்தே செய்வார். வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளை முதலிலேயே தள்ளிவிட்டார். பம்பலப்பிட்டியில் ஒரு சீன உணவகம் நல்லதாம். ஆனால் பிறந்தநாள் என்றால் எங்கள் ஆட்கள் அங்கேதான் போவார்களாம். கலியாணமாகாத பெண்ணை அந்நிய ஆணோடு யாராவது கண்டால், அக்கா போய்ச் சேரமுன் கதை கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கடைசியில் கொள்ளுப்பிட்டியில், கடலைப் பார்த்தபடி, வெள்ளை மேசைவிரிப்புப் போட்ட ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். வாசலில் நின்று மெனு முழுவதையும் வாசித்துவிட்டு வந்தாராம்.

“விலையைப் பார்த்தா எங்கட சனம் ஒண்டும் வாசல் மிதிக்காது, அக்கா. ஒருத்தரும் காண மாட்டினம்,” என்று அம்மாவுக்கு உறுதி சொன்னார்.

புறப்படும்போது அம்மா என் தோளைப் பிடித்து, “ஆரும் கேட்டா நாங்கள் இண்டைக்கு வெளியில போகேல்லை. விளங்கிச்சோ?” என்றார். விளங்கியது என்றேன்.

அந்த மனிதர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். நரைக்கத் தொடங்கிய, அமைதியான ஆள். அக்கா அவருக்கு எதிரே உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தவுடன் கோழித்துண்டு நழுவி மேசைவிரிப்பில் விழுந்தது.

“அதென்ன பிள்ளை, மண்வெட்டி பிடிக்கிற மாதிரி?” என்றார் மாமா.

“விடுங்கோ, பழகீடுவா,” என்றார் அந்த மனிதர்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. “அத்தான், ஐஸ்கிறீமையும் முள்ளுக்கரண்டியாலதானோ சாப்பிடுறது?” என்று கேட்டேன். அக்கா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். “அண்ணா எண்டு சொல்லு,” என்று அம்மா அதட்டினார். மாமாதான் குறுக்கிட்டார்: “வேண்டாம், அத்தான் எண்டே கூப்பிடட்டும். இவளுக்கும் காது பழகோணும்.” யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் தூணுக்கு அப்பால் இருந்த மேசையைப் பார்த்தேன். எங்கள் எதிர் அறை அன்ரி. பக்கத்தில் அவருடைய ஒரே மகள், நான் சின்னக்கா என்று கூப்பிடுபவள். சின்னக்காவுக்கு எதிரே நீலச் சட்டை போட்ட ஓர் இளைஞன். அவளும் கையில் முள்ளுக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையைத் தூக்கப்போனேன். மேசைக்குக் கீழே அம்மா என் தொடையைக் கிள்ளினார். அன்ரி என்னை நேராகப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். அதன் பிறகு இரண்டு மேசைகளும் ஒன்றையொன்று காணவில்லை.

அவர்கள் எங்களுக்கு முன்பே எழுந்தார்கள். நீலச் சட்டைக்காரன் சாம்பல் நிற வானொன்றை ஓட்டிக்கொண்டு தனியாகப் போனான். கண்ணாடிக்குள்ளால் அதன் இலக்கம் தெரிந்தது. லொட்ஜுக்கு வந்ததும் மறக்காமல் எழுதிவைத்தேன்: இரண்டு பத்து, சாம்பல், இலக்கம். பக்கத்தில், சின்னக்காவோடு சாப்பிட்ட ஆள் என்றும் எழுதினேன். அன்று பின்னேரம் அன்ரி வழக்கம்போல எங்கள் தேங்காய்த் துருவலையை இரவல் வாங்க வந்தார். அம்மா கொடுத்தார். இருவரும் மழையைப் பற்றிக் கதைத்தார்கள்.

அடுத்த கிழமை சின்னக்கா அந்த நீலச் சட்டைக்காரனோடு போய்விட்டாள். போய் இறங்கியதும் தொலைபேசி எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். லொட்ஜின் தொலைபேசி கீழே மனேஜரின் மேசையில் இருந்தது. அது அடிக்கும்போதெல்லாம் அன்ரி மூன்று மாடிப் படியும் இறங்கி ஓடினார். மூன்று கிழமையாகியும் அவருக்கு அழைப்பு வரவில்லை. அவர்களுடைய ஏஜென்டின் அறை பூட்டிக் கிடந்தது.

அக்கா புறப்பட நான்கு நாள் இருக்கும்போது, காலையில் அன்ரி எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். துருவலை கேட்கவில்லை.

“அக்கா, அண்டைக்கு அந்த ஹோட்டலில என்ர பிள்ளையோட இருந்தவனைப் பார்த்தனீங்கள்தானே? பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. பொலிசில போய் என்னத்தைச் சொல்ல? வான் ஒண்டில வந்தவன் எண்டதைத் தவிர…”

அம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. “நாங்கள் ஒரு ஹோட்டலுக்கும் போகேல்லை, தங்கச்சி.”

அன்ரி என் பக்கம் திரும்பினார். ஜன்னலில் இருந்த கொப்பியைப் பார்த்தார். “குஞ்சு, நீ வாகன நம்பரெல்லாம் எழுதிறனி எல்லோ?”

கட்டிலில் சூட்கேசைத் திறந்து வைத்திருந்த அக்கா, மடித்துக்கொண்டிருந்த சேலையோடு அப்படியே நின்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன். கத்தி நின்றிருந்தது.

“அண்டைக்கு நாங்கள் வெளியில போகேல்லை, அன்ரி,” என்றேன். ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னேன்.

அன்ரி என் தலையைத் தடவினார். “ஓமோம். நான்தான் ஆரையோ பார்த்திட்டு மாறி நினைச்சிட்டன்,” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அக்கா நான்காம் நாள் புறப்பட்டாள். அத்தான் என்று நான் கூப்பிட்ட மனிதர் அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்போது அவளுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். அக்காவின் அழைப்பு வந்த அன்று மாலை அம்மா என் கொப்பியைத் தானே எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போனார். அறை காலியாக இருந்தது. அன்ரி முந்தின நாளே போய்விட்டார், எங்கே என்று சொல்லவில்லை என்றார் மனேஜர். கொப்பியோடு திரும்பி வந்த அம்மா, அதை ஜன்னலில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சொன்ன சொல் மாறாமல் ரகசியம் காத்த பெருமை எனக்கு. அம்மா ஏன் என்னை மெச்சவில்லை என்றுதான் அன்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த உணவகத்தில் அன்ரி என்னை நேராகப் பார்த்தவர் என்பது எனக்கு நினைவிலேயே வரவில்லை.