சின்னவருக்கு நல்ல தண்ணி

போன கிழமை என் வீட்டு முன்னறையில் ஒரு சாவு நடந்தது. செத்தது ஒரு மீன்.

மன்னார்த் தீவில் இருந்துகொண்டு மீன் செத்ததை ஒரு செய்தியாக எழுத வந்துவிட்டானே என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். இங்கே காலையில் சந்தைக்குப் போனால் செத்த மீனைத் தவிர வேறென்ன கண்ணில் படும்? செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி, வாங்கித் தின்று வளர்ந்த உடம்புதான் இது. ஆனால் அந்த ஒரு மீன் செத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த மீன் எப்படி என் வீட்டுக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி றீற்றா கனடாவுக்குப் போயிருப்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போனவள். "பிள்ளைக்கு முகம் பாக்கத் தெரிஞ்ச உடன வந்திருவன்" என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறினாள். பிள்ளை முகம் பார்த்தது, சிரித்தது, குப்புறப் புரண்டது... அவள் வரவில்லை.

நானும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? பேரப்பிள்ளையோடு போட்டி போட்டுக்கொண்டு, கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மனுஷன் "என்னையும் பார்" என்று நிற்பது அழகா?

தினமும் ஒரு வீடியோ அழைப்பு. எனக்குப் பின்னேரம், அவளுக்குக் காலை.

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"என்ன கறி?"

"மீன்."

"பிறஷர்க் குளிசை போட்டீங்களோ?"

"ஓம், ஓம்."

அவ்வளவுதான். பிறகு அவள் என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். வருஷக்கணக்காக ஒரே வீட்டில் பேசாமலே இருந்தவர்கள்தான் நாங்கள் — அதற்குப் பெயர் குடும்பம். ஆனால் போனில் பேசாமல் இருப்பதற்கு என்ன பெயர்? 'நெற்வேர்க் சரியில்லை' என்றுதான் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்.

அந்த நேரத்தில்தான் கண் காட்டக் கொழும்புக்குப் போனவன், ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடைக் கண்ணாடிக்குள் அதைக் கண்டேன். பெரிய பிஸ்கட் ரின் அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு முழுக் கடல். துளைத்துளையாக ஒரு கல், அதன் மேல் பச்சைப் பூப்போல விரிந்து அசைகிற முருகை, அதுதான் பவளம், நடுவில் செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட ஒரு மீன். எங்கள் ஊரில் முருகைக்கல் என்றால் பழைய வீட்டுச் சுவரில் இருப்பது. அது உயிரோடு கை விரித்து நிற்பதை இந்த வயதில், கொழும்பில், ஒரு கடைக்குள்தான் பார்த்தேன்.

கடைக்காரர் நியாஸ் எங்கள் மன்னார்ச் சிலாவத்துறைப் பக்கத்து ஆள். ஊர்க்காரன் என்றதும் தேத்தண்ணி தந்து உட்கார வைத்துவிட்டார். "இது கடலில உடைச்ச முருகை இல்ல சேர், அது குற்றம். இது கடையில துண்டு வச்சு வளத்தது" என்றார். பிறகு பாடம் நடத்தினார். முதல் சில கிழமை வெறும் தண்ணியும் கல்லும்தான். அதன் பிறகு முருகை. எல்லாவற்றுக்கும் கடைசியாக மீன், அதுவும் ஒன்றே ஒன்று.

"மேலால தண்ணி குறையும் சேர். குறைய குறைய நல்ல தண்ணி விடுங்க. உப்பு அளக்கிற கருவி ஒண்டு இருக்கு, தரட்டா?"

உப்பு அளக்கக் கருவியா? எனக்கா?

"தம்பி, நான் மன்னாரான். உப்பு எனக்கு நாக்கிலயே தெரியும்" என்றேன். அவர் சிரித்தார். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கடல் தண்ணீருக்கு மரியதாஸ் இருந்தான். பள்ளிமுனையில் படகு வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரன். கரைத் தண்ணி கலங்கல் என்று வெளிக்கடலில் அள்ளி, பிளாஸ்டிக் கானில் கொண்டுவந்து தந்தான். தந்துவிட்டுச் சும்மா போனானா?

"வாசலில கடலை வச்சுக்கொண்டு வீட்டுக்குள்ளயும் ஒரு கடலோ சேர்? மீன் வேணுமெண்டால் சொல்லுங்கோ, பொரிக்கிற மீனாத் தாறன்."

அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எனக்கும் றீற்றாவுக்கும் பேச்சு திரும்பி வந்துவிட்டது. கல்லில் பாசி பிடித்தது ஒரு நாள் பேச்சு. முருகையையும் பிறகு மீனையும் நியாஸ் பஸ்ஸில் அனுப்பிவைத்தார். முருகை முதன்முதலாக விரிந்தது ஒரு கிழமைப் பேச்சு. மீன் வந்ததும் அவளே பெயர் வைத்தாள் — சின்னவர். "சின்னவர் சாப்பிட்டிட்டாரோ?" "சின்னவர் என்ன, கோவமோ?" அழைப்பு வந்ததும் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிடுவேன். அவள் சின்னவரைப் பார்ப்பாள், நான் விளக்கம் சொல்வேன். ஒரு மணித்தியாலம் போவது தெரியாது. நான் சந்தோஷமாக இருந்தேன். உண்மையாகவே இருந்தேன்.

பிறகு சோளகக் காற்றுத் தொடங்கியது. வெளியே காற்று, உள்ளே மின்விசிறி, மேலே மன்னார் வெயில். தொட்டியில் தண்ணீர் கண்ணுக்கு முன்னே குறைந்தது. நான் விடுவேனா? குறையக் குறைய மரியதாஸின் கானில் இருந்து ஊற்றினேன். முருகை சுருங்கியது. இன்னும் ஊற்றினேன். சின்னவர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் பயந்துபோய் நியாஸுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன தண்ணி சேர் விட்டீங்க?"

"நல்ல தண்ணிதான் தம்பி. வெளிக்கடல் தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கும்."

நியாஸ் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், எங்கட ஊரில நல்ல தண்ணி எண்டா என்ன?"

"குடிக்கிற தண்ணி."

"நானும் அதைத்தானே சொன்னது."

எனக்குத் தெரியாதா? கிணறெல்லாம் உவரான ஊரில் 'நல்ல தண்ணி' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியாதா? தெரியும். ஆனால் கடல் மீனுக்குக் குடிக்கிற தண்ணியை ஊற்ற எனக்குக் கை வரவில்லை. நியாஸ் தெளிந்த தண்ணியைத்தான் சொல்கிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வெயிலும் காற்றும் தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோகும், உப்பு அப்படியே நிற்கும் — இந்தக் கதையை நான் யாரிடம் கேட்க வேண்டும்? வேலை பார்த்த காலம் முழுக்க உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு சைக்கிள் ஓடியவன் நான். போய் வந்த வழியில் இருந்த உப்பளத்தை வீட்டுக்குள் கட்டி, அதற்குள் ஒரு மீனை விட்டிருக்கிறேன்.

நல்ல தண்ணிப் போத்தலோடு ஓடி வந்தேன். ஒரேயடியாக ஊற்றக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும் என்று நியாஸ் சொல்லியிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். சின்னவர் அதற்குக் காத்திருக்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். மீனுக்காக என்று யாராவது நம்பினால் நம்புங்கள். பின்னேரம் அழைப்பு வருமே, அதில் எதைப் பேசுவது? எனக்கு இருந்த பயம் அதுதான். மறுபடியும் 'என்ன கறி'யில் இருந்தா தொடங்குவது?

அன்று பின்னேரம் பொய் சொன்னேன். "கல்லுக்குப் பின்னால நிக்கிறார், வெளிய வாறாரில்லை." அடுத்த நாள் அவள் போனை வைக்கவில்லை. "வரட்டும், நான் நிக்கிறன்" என்று காத்திருந்தாள். தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் தொட்டியையே பார்த்தாள். எனக்குக் காட்ட ஒன்றும் இல்லை. வெறும் தொட்டியை எவ்வளவு நேரம் காட்டுவது? போனை என் பக்கம் திருப்பினேன்.

"இஞ்சேருங்கோ... என்ன, இப்பிடி வத்திப் போனீங்கள்?"

மாதக்கணக்காக அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் முகத்தை நானும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பேச மீன் இல்லை. வேறு வழியில்லாமல், நெஞ்சுக்குள் கிடந்தது வாயில் வந்துவிட்டது.

"எப்ப வாறீர்? எனக்குத் தனிய ஏலாது."

அவள் அழத் தொடங்கினாள். மகள் வேலைக்குத் திரும்புகிறாள், பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை, அடுத்த வருஷத்து உயிர்த்த ஞாயிறு வரைக்கும் விசாவை நீட்டியாகிவிட்டது என்றாள். ஆவணியில் மடு மாதா திருநாளுக்கு வந்துவிடுவாள் என்று நான் என்பாட்டில் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே றீற்றா."

"சொல்லத்தான் அண்டைக்கு எடுத்தனான். முருகை விரிஞ்சிருக்கு, பாரும் பாரும் எண்டு நிண்டனீங்கள். இஞ்ச ஒரு குறையும் இல்லை எண்டும் சொன்னனீங்கள். வாரும் எண்டு ஒருக்காச் சொல்லியிருந்தால் நான் மகளிட்ட ஏலாதெண்டு சொல்லியிருப்பன்."

உண்மைதான். சொன்னது நான்தானே. ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு நாளும் சொன்னேன். நல்ல கணவன், நல்ல தகப்பன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

வெளிநாட்டில் ஆள் உள்ள வாசகர்களே, போனில் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். 'இங்கே ஒரு குறையும் இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள்... நம்பிவிடுவார்கள்.