'உதவி தேவை' என்று எழுதிய ஆறு மாதங்கள்

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது இது. மூணாறில் தேயிலைத்தூள் பாக்கெட் போடும் ஒரு சிறிய யூனிட்டில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். என் மகனுக்கு அப்போது ஒரு வயது.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஓர் அக்கா புதிதாகச் சேர்ந்தார். சிறு வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியவர், ஊன்றுகோலோடு நடப்பார். மாற்றுத்திறனாளியை வேலைக்கு வைத்தால், முதல் ஆறு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு முதலாளிக்குக் கொடுக்கும் திட்டத்தில் வந்தவர். மாதாமாதம் அவருடைய வேலையைப் பற்றி ஒரு படிவம் நிரப்பி தேவிகுளத்திலுள்ள அரசு அலுவலகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு.

அதில் ஒரு கேள்வி, பிறர் உதவி தேவையா என்று. தேவையில்லை என்று எழுதினால் அந்தப் பங்கை நிறுத்திவிடுவார்களோ, முதலாளி அவரை அனுப்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம். 'தேவை' என்று எழுதினேன். யாரிடமும் கேட்கவில்லை. ஆறு மாதமும் அதுவே. உண்மையில் அவர் சீல் போடும் மெஷினில் உட்கார்ந்தால் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே முடிப்பார். "கணக்கப்பிள்ளையம்மா, ஒங்க பேனாவவிட என் கையி வேகமாக்கும்" என்று கேலி செய்வார்.

ஆறாவது மாதக் கடைசியில் முதலாளி படிவ நகல்களைப் புரட்டினார். "எல்லா மாசமும் தொணை வேணும்னுல்ல எழுதியிருக்கீங்க. இனி முழுச் சம்பளமும் நான் குடுத்து, தொணைக்கு ஒரு ஆளும் வைக்க முடியுமா? அடுத்த மாசம் வர வேண்டாம்னு சொல்லிருங்க."

அதையும் நான்தான் போய்ச் சொன்னேன். காரணத்தையும் மறைக்கவில்லை. அவர் கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தார்.

"ஒருநாளாவது ஒத்தாசைக்கு ஒங்களக் கூப்பிட்டிருக்கேனா?"

இல்லை என்றேன்.

"காலுதாம்மா எனக்குச் சரியில்ல. நீங்க கையவும் சேத்துல்ல எழுதிட்டீங்க."

உண்மையைச் சொன்னால் என் வேலையும் போகலாம் என்று தெரிந்தது. முதலாளி அறையின் வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தேன். மூன்றாம் முறை உள்ளே போய், நான் எழுதியது பொய், பயத்தில் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன்.

"படிச்சவங்க செய்யுற வேலையா இது? இனி ஒங்க எழுத்துல எத நம்புறது?" என்றார். பிறகு எழுந்து போய், டீ நேரம்வரை அந்த மெஷின் பக்கத்திலேயே நின்றார். திரும்பி வந்து, "அவங்க இருக்கட்டும். தேவிகுளத்துக்கு உள்ளத ஒங்க கைப்பட எழுதி அனுப்புங்க" என்றார். எழுதி அனுப்பினேன்.

அந்த அக்கா இன்றும் அதே மெஷினில் இருக்கிறார். என்னை மறுபடி கணக்கப்பிள்ளையம்மா என்று கூப்பிட அவருக்கு ஒரு மாதம் ஆனது. இப்போது யாரைப் பற்றிப் படிவம் நிரப்பினாலும் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டில் மகன் செருப்பு மாட்டத் திணறும்போது மட்டும், கேட்பதற்கு முன்பே என் கை நீண்டுவிடுகிறது. அவன் கூப்பிட்டானா என்று யோசித்துச் சில நாள் அதை இழுத்துக்கொள்கிறேன், சில நாள் முடிவதில்லை.