தை மாதத்து எளிய நடை

பூவராகவனைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். திருவள்ளூரில் ஆதிகேசவன் அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய கம்பாசிட்டர் அவர். அப்படிப்பட்டவருக்கு யார் வாழ்க்கை வரலாறு எழுதுவார்கள்? கட்டுரையாளர் எம்பாருக்கு மட்டும் இதுவரை மூன்று பேர் எழுதிவிட்டார்கள். மூன்றிலும் 'எளிய நடையின் வேந்தர்' என்று போட்டிருக்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த அச்சகத்தில் புரூப் பார்த்தவன் நான். நடந்த குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

எம்பார் கோயில் அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் அச்சகத்தில் அச்சான 'எவ்வுள் மலர்' என்ற பத்திரிகைக்கு மாதம் ஒரு கட்டுரை கொடுப்பார். விஷயம் சாதாரணம்தான்: குடை, பல்வலி, மூட்டைப்பூச்சி. ஆனால் மூட்டைப்பூச்சி கடித்தது என்று எழுத அவர் பேனாவுக்கு வராது. அறுபத்துமூன்றாம் வருடம் தை மாதம், அரக்கோணம் ரயில் தாமதமாக வந்ததைப் பற்றி ஒரு கட்டுரை கொண்டுவந்தார். அது இப்படித் தொடங்கியது:

"அருணோதய வேளையில் கீழ்த்திசை என்னும் கன்னிகையின் நெற்றியில் ஆதவன் குங்குமத் திலகமிட, கஜராஜனை நிகர்த்த புகைவண்டியின் தரிசனத்தை வேண்டி ஜனசமுத்திரமானது பிளாட்பாரம் என்னும் புண்ணிய க்ஷேத்திரத்தில் தவம் இயற்றாநிற்க..."

முற்றுப்புள்ளி அடுத்த பக்கத்தில் இருந்தது.

வேறு மாதமாக இருந்தால் இதை அப்படியே கோத்திருப்பார்கள். ஆனால் தை கல்யாண மாதம். எங்களிடம் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ஆளுக்கு ஒரு கைப்பிடிதான் உண்டு. அவை கல்யாணப் பத்திரிகைகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அந்தப் பத்திரிகைகளை அச்சடித்துவிட்டுக் கலைத்தால்தான் எழுத்துகள் திரும்பக் கிடைக்கும். 'மலர்' இதழோ தை அமாவாசைக்குள் வந்தாக வேண்டும். அன்று கோயில் குளத்தில் முழுக்குப் போட வரும் கூட்டம்தான் அதை வாங்குவது.

பூவராகவன் எழுத்துப் பெட்டியைப் பார்த்தார். கட்டுரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், ஒரு ஜ கூட இல்ல. இவரு இன்னான்னா கஜராஜனைக் கூட்டிக்கினு வந்துக்கீறாரு."

பிறகு தானே அடுக்க ஆரம்பித்தார். புரூப் என் கைக்கு வந்தபோது அதில் இருந்தது இதுதான்: "காலை ரயில் வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. ஒருவர் இட்லி சாப்பிட்டார். அப்போதும் வரவில்லை." எனக்கு அந்த இட்லி பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அமாவாசைக்கு மறுநாள் எம்பார் குடையை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அடே கொலைபாதகா! ஆனையை அனுப்பிச்சேன், எலியைன்னா போட்டிருக்கே! கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை?"

"ஆனை பெட்டிக்குள்ள நுழையல சாமி."

எம்பார் இன்னும் கத்தியிருப்பார். அதற்குள் தபால்காரர் ஒரு கார்டு கொண்டுவந்தார். பொதட்டூர்பேட்டைத் தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: "தங்கள் கட்டுரையை ஏழு வருடங்களாகப் படிக்கிறேன். இம்முறைதான் புரிந்தது. வாழ்க." எம்பார் அதை இரண்டு தடவை படித்தார். குடையை மடக்கினார். கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் பத்து வருடம் இதே கூத்துதான். எம்பார் மாதாமாதம் பட்டும் பீதாம்பரமுமாக ஒன்று கொண்டுவருவார். பூவராகவன் அதைக் களைந்து வேட்டி துண்டோடு நிறுத்துவார். அவர் வந்து திட்டுவார், காபி குடிப்பார், வாசகர் கடிதங்களை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போவார். திட்டு கம்பாசிட்டருக்கு, மாலை கட்டுரையாளருக்கு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, பெட்டியில் எழுத்து நிறைய இருக்கும். ஆகவே அந்த மாதங்களில் எம்பார் பாதியாவது எம்பாராகவே வெளிவருவார். பிற்பாடு ஒரு கல்லூரிப் பேராசிரியர் இதைக் கண்டுபிடித்து, "தை, வைகாசிக் கட்டுரைகளில் நடை கனிகிறது, ஆடியில் ஏதோ மனக்கலக்கம் தெரிகிறது" என்று ஆராய்ச்சி எழுதினார். மனக்கலக்கமாம், மண்ணாங்கட்டியாம்!

ஒரு தடவை திருத்தணியில் 'எளிய நடை' என்ற தலைப்பில் பேச எம்பாரைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அவர் இரண்டு மணி நேரம் தன் சொந்த நடையிலேயே முழங்கினார். அலங்கார நடையை நையாண்டி செய்கிறார் என்று நினைத்துச் சபை விழுந்து விழுந்து சிரித்தது. சால்வை போர்த்தினார்கள். அன்று ரயிலில் திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

எழுபத்துமூன்றாம் வருடக் கடைசியில் எம்பார் படுத்த படுக்கையானார். நானும் பூவராகவனும் பார்க்கப் போனோம். தலையணைக்கு அடியிலிருந்து ஏழு தாள் எடுத்துக் கொடுத்தார். தலைப்பு, 'மிளகு ரசம்'.

"பூவராகா, பத்து வருஷமா ஊரார் மெச்சினது உன்னைத்தான், என்னை இல்லே. அது நேக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை என்னை அப்படியே அச்சில போட்டுடு. ஒரு எழுத்து குறையப்படாது."

பூவராகவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "போட்டுட்றேன் சாமி. சத்தியமா."

மார்கழி முடிவதற்குள் எம்பார் போய்ச் சேர்ந்தார். தை அமாவாசை 'மலர்' அவருக்கு நினைவு மலர் என்று முதலாளி ஆதிகேசவன் அறிவித்துவிட்டு, குடும்பத்தோடு திருப்பதிக்குக் கிளம்பினார். மறுபடியும் தை! பெட்டியில் இருப்பதோ அதே ஒரு கைப்பிடி ஜ. கோக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகைகள் ஐந்து. ரசத்திலோ மூன்றாவது வரியிலேயே பெருங்காயம் ராஜ்ஜியம் ஸ்தாபிக்கிறது.

"அடுத்த மாசம் போட்டுக்கலாமே," என்றேன்.

"நினைவு மலரு இப்பத்தான சார்? அடுத்த மாசம் யாரு அவர நினைச்சிக்கினு இருக்கப்போறாங்க? சத்தியம் பண்ணிக்கீறேன்."

அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, இருந்த ஜ, ஷ, ஸ எல்லாவற்றையும் எம்பாருக்குக் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகைகளை எளிய நடையில் கோத்தார். காக்களூர்ப் பக்கத்து நெல் விவசாயி அரசப்பன் வீட்டுப் பத்திரிகை, 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கி அரைப் பக்கம் போக வேண்டியது, இப்படி வந்தது:

"வியாழக்கிழமை காலை எங்கள் பெண் செல்விக்குக் கல்யாணம். எல்லோரும் வாருங்கள். சாப்பாடு இருக்கிறது. — அரசப்பன்."

புரூப் வந்தது. வேலை போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டேன். அரசப்பன் வந்து, மேலே பெருமாள் படம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை கல்யாணத்துக்கு எல்லோரும் வந்தார்கள். அழைத்தவர்களில் பாதிப் பேர் வருவதுதான் உலக வழக்கம். சாப்பாடு இருக்கிறது என்று அச்சிலேயே போட்டிருந்ததால் வழியில் போனவர்களும் வந்தார்கள். பதினோரு மணிக்கே சோறு தீர்ந்துவிட்டது. மறுநாள் அரசப்பன் அச்சக வாசலில் நின்றார்.

"இன்னாய்யா போட்டு வச்சிக்கீற? சாப்பாடு இருக்குதுன்னு எவன்யா எழுதச் சொன்னது? சம்பந்திக்கு இலை போட முடியாம மானம் போச்சேய்யா!"

திருப்பதியிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பியிருந்த முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அமாவாசையும் வந்து போனது. நினைவு மலருக்குக் கடிதங்கள் குவிந்தன. முதல் கடிதம் பொதட்டூர்பேட்டையிலிருந்து: "எம்பாரின் தெள்ளிய நடையை உங்கள் கம்பாசிட்டர் கண்டபடி ஜோடித்துப் பாழாக்கிவிட்டார். இது இறந்தவருக்குச் செய்த துரோகம்." அந்தப் பத்து வருடத்தில் எம்பார் எழுதியதை எழுத்துக்கு எழுத்து உண்மையாக நாங்கள் அச்சிட்டது அது ஒன்றுதான். அதற்குத்தான் இந்தப் பட்டம்.

முதலாளி பூவராகவனைக் கூப்பிட்டு நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பூவராகவன் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வேணாம் சார். செத்துப்போனவரு பேரு கெட்டுரும்."

பிற்பாடு கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் எச்சரிக்கை அட்டைகள் அச்சடிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. 'தொடாதே. கை போகும்' என்பது அவர் படைப்பு. அங்கே யாருக்கும் கை போகவில்லை என்று கேள்வி. அது போகட்டும்.

வேலை போன அன்று மாலை, நினைவு மலர் ஒன்றை எடுத்துக்கொண்டு எம்பார் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி ஹேமாம்புஜம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டுரையைச் சத்தமாகப் படித்தார்.

"மிளகென்னும் கருமணிகள் புளிநீர்ச் சமுத்திரத்தில் ஜலக்கிரீடை செய்ய, பெருங்காயமானது தன் பரிமள ராஜ்ஜியத்தை அண்டசராசரமெங்கும் ஸ்தாபித்து..."

முழுவதும் படித்தார். படித்து முடிக்க அரைமணி ஆனது. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். கண் நனைந்திருந்தது, உதடு சிரித்தது.

"ஒரு வார்த்தை புரியலை. அவரேதான்."

பூவராகவன் தலையைக் குனிந்துகொண்டார்.

"முப்பது வருஷமா ரசம் வச்சுப் போட்டேன். நன்னாருக்குன்னோ, நன்னால்லைன்னோ ஒரு நாள் வாயைத் திறந்ததில்லை. இதிலே என்னதான்ப்பா சொல்றார்?"

பூவராகவன் அந்த ஏழு தாளையும் எழுத்து எழுத்தாகக் கோத்தவர்.

"ரசம் நல்லா இருந்துச்சின்னு சொல்றாரும்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதாம்மா."