ஒரே வார்டு கேட்ட ஏழுமலை

ஏழுமலை இறந்த செய்தி எங்கள் வார்டு வாட்ஸாப் குழுவில் வந்தது. அதற்கு மேலே சொத்துவரி நினைவூட்டல். கீழே பௌர்ணமிக்கான போக்குவரத்து மாற்றம். கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு இட்லியை முடித்தேன். இதை எழுதும்போதும் பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

அவரை அறியாதவர்களுக்கு: கிரிவலப் பாதைக்கு அப்பால், ஏரித் தண்ணீரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடும் ஒரு கிராம ஊராட்சிக்கு இரண்டு முறை தலைவராக இருந்தவர். ஊரை மாநகராட்சியோடு சேர்த்ததும் பதவி போனது. அதில் அவருக்கு வருத்தமில்லை. ஊரை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நகரத்துத் தெருக்களோடு ஒட்டி மூன்று வார்டுகளாக்கியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. செங்கம் சாலையில் குடியிருக்கும் நான் அவருடைய வார்டுக்காரன் ஆனது அப்படித்தான்.

“ஊரு ஒரே வார்டா இருந்தா ஏரிக்குன்னு ஒரு கவுன்சிலர் இருப்பாருங்க. மூணாக்கினா மூணுலயும் நாங்க கம்மி. ஏரிய யாரு கேப்பாங்க?” என்றார் முதல் சந்திப்பிலேயே.

தெருவிளக்கு வரும் என்றேன்.

“வரட்டும் சார். அந்த வெளிச்சத்துல காஞ்சுபோன மல்லாட்டச் செடிய நல்லா பாக்கலாம்.”

வார்டு எல்லை குறித்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். வணிகர்கள், விடுதிக்காரர்கள், குடியிருப்போர் சங்கத்தார் என்று நகரம் மதியம்வரை பேசியது. கடைசியில் இவர் எழுந்தார்.

“பெரியவரே, உங்க ஊரு கருத்து பதிவாயிடுச்சு” என்றார் அதிகாரி.

“நான் இன்னும் வாயே தெறக்கலீங்களே?”

“மனு குடுத்தீங்கல்ல, அதான்.”

“அப்ப இவங்கல்லாம் மனு குடுக்கலீங்களா?”

அரங்கம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு உணவு இடைவேளை அறிவித்தார். எல்லைக்கோடு ஒரு முழம்கூட நகரவில்லை.

அதன் பிறகும் அவர் பள்ளிக்கூட மரத்தடியில் கிராம சபையைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஒரு தெருவிலிருந்து ஆள் வராவிட்டாலும் தொடங்க மாட்டார். ஆளனுப்பி அழைத்து வருவார். மாநகராட்சியில் கிராம சபை கிடையாது என்று சட்டம் சொன்னேன்.

“சபைதானே சார் கெடையாது? கிராமம் அங்கயேதான் கீது.”

சாவுக்கு, மூன்று வார்டுகளிலும் தேர்தலில் நிற்கப்போகிறவர்கள் மாலையோடு வந்திருந்தார்கள். அவர் மனைவி காசியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார்.

“ஏரி மதகு ஒடஞ்சு கீது. நீங்க மூணு பேரும் கீறீங்க. யாரு பாக்கறீங்க?”

“கரைதாம்மா எங்க வார்டு. மதகு அண்ணன் வார்டு” என்றார் ஒருவர், பக்கத்தில் நின்றவரைக் காட்டி.

“எல்லைய போட்டப்பவே மதகு அந்தப் பக்கம் போயிடுச்சும்மா” என்றார் அந்த அண்ணன்.

மூன்றாமவர் தான் போட்ட மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மேளம் தொடங்கியது.

நான் அழவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒரு வழக்கம்தான்: எங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் குப்பை வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மதகைப் பற்றிக் கேட்கிறேன்.

“சார், நீங்க டவுன் ஆளாச்சே?” என்கிறார்கள்.

அதே வார்டு என்கிறேன்.