நான் அனுப்பாத புள்ளி

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ருபீடியம் என்ற உலோகத்தைக் கொஞ்சம் வைத்து மூடிய கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, உள்ளே ஆவி நிறைந்ததும் இரண்டு லேசர் கதிர்களை அனுப்பி, மறுபக்கம் மூன்றாவது ஒன்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். அனுப்புவதில் ஒன்று கொழுத்தது, ஒன்று நோஞ்சான். அணுக்கள் கொழுத்ததிடமிருந்து ஒளியை வாங்கி நோஞ்சானுக்குக் கொஞ்சம் ஊட்டிவிடும். கூடவே அதற்கு ஓர் இரட்டைப் பிறவியையும் பெற்றுத் தரும். அது கொழுத்ததற்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளியாக விழும். இரட்டையரில் ஒன்று துடித்தால் மற்றதும் அப்படியே துடிக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், சாதாரண ஒளியில் என்ன செய்தாலும் போகாத நடுக்கம்கூடக் குறைந்துவிடும். குவாண்டம் ஆட்களுக்கு வேண்டியது அதுதான். எனக்கு முதலில் புள்ளி வந்தால் போதும் என்றிருந்தது.

துடியலூரில் எங்கள் வீட்டில் இதை விளக்கியது என் தப்பு. “நான் அனுப்பாத வெளிச்சம் ஒண்ணு வரணுங்க அத்தை” என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து மாமியார் தினமும் சாயங்காலம், “ஏங் கண்ணு, அந்த வெளிச்சம் இன்னைக்காச்சும் வந்துச்சா?” என்பார். பொள்ளாச்சி பஸ் வந்துவிட்டதா என்று விசாரிப்பது போலவே கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள் வந்தேவிட்டது. இந்த லேசர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. என் பழைய செல்போன் கேமராவுக்குத் தெரியும். திரையில் மூன்று புள்ளிகள்! துறை முழுவதற்கும் மைசூர்பா வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் ஹீட்டரைப் போடுவதற்கு முன்பே ஆசையில் லேசரைப் போட்டேன். புள்ளி அங்கேயே இருந்தது. ஆறிப்போன குழாயில் அதற்கு வேண்டிய ஆவியே கிடையாது. நான் கொண்டாடியது குழாயின் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய நோஞ்சானைத்தான்.

ஒரு மாதம் தலைகாட்ட முடியவில்லை. “ஏனுங்க மேடம், அடுத்த பிரதிபலிப்பு எப்பங்க?” என்று கேட்காதவர் இல்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிறகு கூப்பிட்டுச் சொன்னார். “மே மாசம் வரைக்கும் பாருங்க அம்மணி. வரலீன்னா கம்ப்யூட்டர்ல கணக்குப் போடற தலைப்புக்கு மாத்திக்கலாமுங்க. உங்க லேசர் மேசையை வேற ஒருத்தருக்குக் குடுத்துப்போடலாம்.”

அந்த மேசையில் இருந்த ஒவ்வொரு கண்ணாடியும் நான் கைவலிக்கத் திருப்பி வைத்தது. கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க உட்காருகிற ஜாதி இல்லை நான்.

குழாயைச் சாய்த்தேன், கோணத்தை மாற்றினேன், சூட்டை ஏற்றி இறக்கினேன். மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் திரையில் மறுபடி மூன்றாவது புள்ளி வந்தது. இந்த முறை கத்தவில்லை. அது உண்மையா என்று பார்ப்பது சுலபம். லேசரின் நிறத்தைத் துளி நகர்த்த வேண்டும். நிறம் பொருந்தாவிட்டால் அணுக்கள் சும்மா இருந்துவிடும், உண்மையான புள்ளி அணைந்துவிடும். பிரதிபலிப்பாக இருந்தால் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி அங்கேயே இருக்கும்.

நிறத்தை நகர்த்தும் குமிழில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனேன். வந்து ஸ்டூலில் உட்கார்ந்து புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். “வந்திருச்சுங்களா?”

“என்னமோ வந்திருக்குதுங்க சார்.”

“நகத்திப் பாத்தீங்களா?”

“நாளைக்குப் பாக்கலாமுங்க சார்.”

அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். இனி தப்பிக்க வழியில்லை. இருந்தால் மேசை போச்சு, அணைந்தால் மேசை நமது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு குமிழைத் திருப்பினேன்.

புள்ளி மங்கியது, சிறுத்தது, போயே போய்விட்டது. நோஞ்சான்கூடப் பழையபடி மெலிந்துபோனது. திருப்பி வைத்தேன், வந்தது. மறுபடி திருப்பினேன், போனது.

“போதுமுங்க அம்மணி, திரும்ப வையுங்க” என்றார் அவர். நான் வைக்கவில்லை. திரையில் புள்ளி இல்லாத அந்த இருட்டு இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.