கற்பகம் சிஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தது

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பஸ் வடக்குப்பட்டைத் தாண்டும்போது முன்சீட்டில் இருந்த சரளா திரும்பித் தன் போனை என்னிடம் நீட்டினாள். எங்கள் லைனின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி வந்திருந்தது. கற்பகம் சிஸ்டர் நேற்று மாலை மாரடைப்பில் காலமாகிவிட்டார். ஒவ்வொரு சீட்டாகச் செய்தி பரவியது. பஸ்ஸில் ஓடிய பாட்டை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை, டிரைவரே நிறுத்தினார். அவருடைய ரத்த அழுத்தத்தையும் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தவர் சிஸ்டர்தான்.

எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். கேன்டீனுக்குப் பக்கத்து முதலுதவி அறையில் நர்ஸாக உட்கார்ந்திருப்பார். விரலில் கம்பி குத்தினால், இடுப்பு பிடித்துக்கொண்டால், மாதவிடாய் வலியில் நிற்க முடியாமல் போனால் அவரிடம் போவோம். உங்களில் பலருக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேறு கதைகள் இருக்கும். எனக்குத் தெரிந்ததை மட்டும் நான் சொல்கிறேன்.

பிள்ளைப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. மாத்திரையில் அடங்குகிற வகை அல்ல, தினமும் இன்சுலின் போட்டே ஆகவேண்டிய வகை. வேலைக்குச் சேரும்போது இதை யாரிடமும் சொல்லாதே என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேலை கிடைக்காது, கிடைத்தாலும் கல்யாணம் நடக்காது என்பது அவர் பயம். கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் எங்கள் லைனில் நானும் மற்றவர்களைப் போலவே நின்று வேலை செய்தேன்.

ஒரு மழைக்கால காலையில் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு, கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். ரோட்டில் தண்ணீர் தேங்கி பஸ் தாமதமாகிவிட்டதால் சாப்பிடாமல் நேராக லைனுக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. வயர்களைத் தப்பான துளைகளில் செருகிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் தூக்கமா என்று கேட்டது காதில் விழுந்தது, பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. சரளாதான் என்னைத் தோளில் சாய்த்து முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனாள்.

சிஸ்டர் என் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். எனக்குத் தெளிவு வந்ததும் சரளாவை வெளியே அனுப்பிவிட்டு, எத்தனை வருடமாக ஊசி போடுகிறாய் என்று கேட்டார். மறைக்க முடியவில்லை. வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களா என்று அழுதேன்.

“உன்னைக் கேக்காம நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்,” என்றார். “ஆனா உன் சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சாதாம்மா உனக்குப் பாதுகாப்பு. நல்லா யோசிச்சுகினு நீயே வந்து சொல்லு.”

அவசரப்படுத்தவில்லை. நான் சம்மதித்த பிறகு அவரே என்னோடு வந்து சூப்பர்வைசரிடம் பேசினார். நடுக்கம் வந்தால் லைனை விட்டு விலகிச் சாப்பிட எனக்கு அனுமதி கிடைத்தது. வேலை போகவில்லை.

ஆனால் அதோடு பிரச்சினை தீரவில்லை. என்னைப் போன்றவர்கள் ஒரு நாளில் பலமுறை விரலைக் குத்திச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் மெஷினில் ஒரு புது ஸ்ட்ரிப் செருக வேண்டும். செலவை நினைத்து நான் அபூர்வமாகத்தான் பார்ப்பேன். ஒருமுறை காய்ச்சல் வந்தபோது அளவு ஏறிக்கொண்டே போனது தெரியாமல் வீட்டிலேயே படுத்திருந்தேன். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐசியூவில் வைத்துக் காப்பாற்றினார்கள். கம்பெனி இன்சூரன்ஸ் அந்த பில் முழுவதையும் ஒரு கேள்வி கேட்காமல் கொடுத்தது.

பார்க்க வந்த சிஸ்டர், வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஸ்ட்ரிப்புக்கும் இன்சூரன்ஸ் உண்டா என்று அங்கிருந்த இன்சூரன்ஸ் பிரிவுப் பெண்ணிடம் கேட்டார். படுக்கையில் சேர்ந்தால்தான் உண்டு, வீட்டுச் சாமான்களுக்குக் கிடையாது என்றாள் அவள். சிஸ்டர் என் கட்டிலருகில் வந்து உட்கார்ந்தார்.

“வுழுந்தா தூக்குவாங்களாம். வுழாம இருக்கக் கையைப் புடிக்க மாட்டாங்களாம். இது இன்னா கணக்கும்மா?”

இதையே எங்கள் மனிதவளத் துறை மேலாளர் ரகுராமன் சாரிடமும் போய்க் கேட்டார். மேலாளர் தட்டிக்கழிக்கவில்லை. பாலிசி புதுப்பிக்க வந்த இன்சூரன்ஸ் அதிகாரியை சிஸ்டரோடு உட்கார வைத்தார். அந்த அதிகாரியும் நிதானமாக விளக்கினார். வழக்கமான பாலிசியில் ஸ்ட்ரிப்போ, கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரோ வராது. கம்பெனி விரும்பினால் கூடுதல் பிரீமியம் கட்டி அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வழி இருக்கிறது, யாரும் கேட்டதில்லை என்றார்.

கூடுதல் பிரீமியத்துக்கு நிர்வாகம் ஓரளவுதான் ஒதுக்கியிருந்தது. ஏற்கெனவே பெற்றோருக்கான காப்பீட்டை உயர்த்தச் சொல்லித் தொழிலாளர்கள் கேட்டிருந்தார்கள். இரண்டில் எது என்று நீங்களே பேசிச் சொல்லுங்கள் என்று மேலாளர் எங்களிடம் விட்டுவிட்டார். ஷிப்ட் முடிந்து கேன்டீனில் கூடினோம். சிஸ்டர் ஏஜென்சி வழியாக வந்த ஒப்பந்த ஊழியர். அந்தப் பாலிசியில் அவருக்கே இடமில்லை. ஆனாலும் பேச அனுமதி கேட்டு வந்திருந்தார்.

லைனில் மூத்தவரான தனசேகர் அண்ணன் எழுந்தார். அவருடைய அப்பா இதய ஆபரேஷனுக்காகக் காத்திருந்தார். “சுகர் யாருக்குதான் இல்ல? மாத்திரை போட்டுகினு எல்லாரும் வேலைக்கு வரல? நாலு பேருக்கு மெஷின் வாங்க, எங்க அப்பா ஆபரேஷனை நான் தள்ளிப் போடணுமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை என்று எனக்கே தோன்றியது.

சிஸ்டர் அவரை மறுத்துப் பேசவில்லை. உங்கள் அப்பாவுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன் என்றார். மாத்திரை போடுபவர்களுக்கும் ஊசி போடுபவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். லைனில் நிற்கும்போது அளவு இறங்கினால் என்ன ஆகும் என்று சொன்னார். அந்த ஊசி போடுபவர்கள் யார், பெயரைச் சொல்லுங்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“பேரு சொல்ல மாட்டேன்,” என்றார் சிஸ்டர். “அவங்க என்னை நம்பி சொன்னது. பேரு சொன்னாதான் குடுப்பீங்கன்னா, அப்படி வர்றது அவங்களுக்கு வேணாம்.”

கூட்டம் சலசலத்தது. அப்படியானால் இருக்கிறார்கள் என்பதையே எப்படி நம்புவது என்றார் ஒருவர். சிஸ்டர் அப்படிக் கேட்டவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன். எனக்கு அப்போது வாலாஜாபாத்தில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் உறவுக்காரர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அம்மாவின் முகம் மனதில் வந்தது. ஆனாலும் எழுந்தேன்.

“நான் ஒருத்தி,” என்றேன். குத்திக் குத்தித் தடித்துப்போன விரல் நுனிகளை நீட்டினேன்.

அடுத்து, பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் பாபு எழுந்தார். அவருக்கும் இந்த நோய் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பெயிண்ட் பிரிவில் இன்னொருவர். தனசேகர் அண்ணன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “ஒவ்வொரு நாளுமா குத்திக்கிறே?” என்றார். ஆமாம் அண்ணா என்றேன். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்து இரண்டையுமே கேட்கலாம் என்று அவரே முன்மொழிந்தார்.

அப்படியே ஆனது. பெற்றோர் காப்பீடு கேட்ட அளவு உயரவில்லை, ஆனால் உயர்ந்தது. இன்சுலின் போடுபவர்களுக்கு மெஷினும் ஸ்ட்ரிப்பும் கிடைத்தன. டாக்டர் எழுதிக் கொடுத்தால் சென்சாருக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் எதுவும் இல்லை. நாங்கள் சந்தோஷத்தில் சிஸ்டருக்கு இனிப்பு கொண்டுபோனபோது, “பாதிதான் வந்துகீது. மீதிய அடுத்த வருசம் கேக்கணும்,” என்றார். அவருக்கே கிடைக்காததில் வருத்தம் இல்லையா என்று கேட்டேன். கோபம்தான் என்று ஒளிக்காமல் சொன்னார்.

அந்த வரன் நின்றுபோனது. அம்மா சிஸ்டரைத் திட்டித் தீர்த்தார். கேள்விப்பட்ட சிஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப்பாக்கத்துக்கே வந்துவிட்டார். வாசலில் வைத்தே அம்மா திட்ட ஆரம்பித்தார். நான் பேசச் சொல்லவில்லை, அவளாகத்தான் எழுந்தாள் என்று சொல்லி சிஸ்டர் தப்பித்திருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை. பெற்ற வயிறு பேசத்தான் செய்யும் என்பதைப்போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா ஓய்ந்து, அழுது, பிறகு டீ போட்டுக் கொடுத்தார். போவதற்கு முன் என் கையிலிருந்த சென்சாரின் அளவு அம்மாவின் போனிலும் தெரியும்படி சிஸ்டர் சரிசெய்து காட்டினார். அன்றிலிருந்து நான் லைனில் நிற்கும்போது அளவு இறங்கினால் வீட்டிலிருந்து சூப்பர்வைசருக்கே போன் வந்துவிடுகிறது. அந்த வரனைப் பற்றி அம்மா பிறகு பேசியதே இல்லை.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக அடுத்த புதுப்பிப்பில் சிஸ்டர் கேட்டார். ஏஜென்சியின் பொறுப்பு என்றது நிர்வாகம். ஏஜென்சியில் கேட்டார், கம்பெனி கொடுக்கட்டும் என்றார்கள். அதற்கு அடுத்த வருடமும் அதே பதில். சோர்ந்துவிட மாட்டீர்களா என்று கேட்டேன். “அவங்களுக்கு இல்லன்னு சொல்றதுல சலிப்பு வரல, எனக்குக் கேக்கறதுல இன்னாத்துக்கு வரணும்?” என்றார்.

செய்தி வந்த திங்கட்கிழமை பிற்பகல், ஷிப்ட் முடிந்ததும், ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். தெரு கொள்ளாமல் யூனிஃபார்ம்கள். தனசேகர் அண்ணன் பாடைக்குத் தோள் கொடுத்தார். எங்கள் கேன்டீனில் பாத்திரம் துலக்கும் முனியம்மா அக்கா சுவரோரம் தனியாக நின்றிருந்தார். அவரும் ஒப்பந்த ஊழியர், இன்சுலின் போடுபவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த வருசமும் கேக்கறேன்னு சொல்லிகினு இருந்தாங்க சிஸ்டரு. இனிமே எங்களுக்கு யாரும்மா கேப்பாங்க?” என்றார்.

“நான் கேக்கறேன்க்கா,” என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல, தானாக வந்தது. கற்பகம் சிஸ்டரிடமிருந்து எனக்குக் கிடைத்திருப்பது அதுதான் என்று திரும்பும்போது பஸ்ஸில் புரிந்தது. அவருடைய பொறுமையோ நிதானமோ எனக்கு இல்லை. ஆனால் அவர் விட்ட இடத்திலிருந்து கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. அடுத்த நாளே மேலாளரின் அறைக்குப் போனேன். ஒப்பந்தத் தொழிலாளர்களின் இன்சூரன்ஸ் பற்றிப் பேச வேண்டும் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சிஸ்டர் கேட்ட அதே கேள்விதானாம்மா?”

“அதேதான் சார்.”

எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டி, உட்காரச் சொன்னார்.