ஆலாவுக்குப் பின்னால் கஸ்தூரி

லென்ஸ் கவுண்டரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் நாங்கள் சொல்லிக்கொடுப்பதெல்லாம் எண்கள்தான். எத்தனை எம்.எம்., எவ்வளவு அபர்ச்சர், எந்த மவுண்ட். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும். தி. நகரில் ஒரு கேமரா கடையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த எண்களையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு மனிதருக்கு நான் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

1. எக்ஸ்சேஞ்ச்

தேசிங்கு, ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர். கடலுக்குப் போகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அடையாறு முகத்துவாரத்தில் பறவைக் கணக்கெடுக்க வந்த ஒரு ஆராய்ச்சி மாணவியைப் பல மாதம் தன் படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் தன் பழைய கேமராவையும் அதோடு இருந்த, கிட்டே இருப்பவர்களை எடுக்க ஏற்ற ஃபிப்டி எம்.எம். லென்ஸையும் அவருக்கே கொடுத்துவிட்டாள். அதை ஒரு துண்டில் சுற்றி, மார்போடு அணைத்தபடி கடைக்குள் வந்தார்.

"மேடம், இத்துல ஆலா தம்மாத்தூண்டு தெரியுது. கிட்ட போனா பறந்துடுது. தூரத்துல கீறத இஸ்துகினு வர்ற மாதிரி ஒண்ணு குடு."

ஆலா என்றால் கரையோரம் மீனுக்குப் பாய்கிற அந்த வெள்ளைப் பறவை. எப்படி எடுக்கிறார் என்று பார்க்க கார்டை வாங்கி ஓட்டினேன். பறவை குறைவு. ஒரு பெண்தான் நிறைய இருந்தாள். மீன் அரிந்துகொண்டு, குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, 'எடுக்காதே' என்று கையால் முகத்தை மறைத்துக்கொண்டு. எல்லாம் நாலைந்து அடி தூரத்தில் எடுத்தவை. கைவிரல்களின் இடுக்கில் அவள் சிரிப்பது தெரிந்தது.

"யாருங்க?"

"நம்ம வூட்டுக்காரம்மா. கஸ்தூரி."

இதைப் பார்த்த பிறகு எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? அந்த ஃபிப்டியை அவரிடமே விட்டுவிட்டு, தூரத்தை இழுக்கிற மாதிரி சின்னதாக ஒரு செகண்ட் ஹேண்ட் டெலி ஜூமைக் கூடக் கொடுத்திருக்க வேண்டும். அலமாரியில் ஒன்று இருந்தது. ஆனால் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். திருநெல்வேலிக்காரர்.

"ஏம்மா, அந்தப் பெருசு எத்தன மாசமா ஷோகேஸ்லயே கெடக்கு? இவருக்கு அதக் காட்டு. கைல இருக்கத எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிட்டு முடிச்சிரு."

பெருசு என்றது ஒன்ஃபிப்டி – சிக்ஸ் ஹண்ட்ரட் லென்ஸை. கைமுழம் நீளம், நல்ல கனம். காட்டுக்குள் போகிறவர்கள் வாங்குவது. நான் அதை தேசிங்கின் கேமராவில் மாட்டி, வாசலுக்கு அழைத்துப்போய், தெருக்கோடி வேப்பமரத்துக் காக்காயைப் பார்க்கச் சொன்னேன்.

"யப்பா! கண்ணு கூட தெரியுது மேடம்."

"பறவை மட்டும் பளிச்சுன்னு நிக்கும். பின்னாடி இருக்கிறதெல்லாம் வெண்ணெய் மாதிரி கரைஞ்சிடும்" என்றேன். விற்பனைக்கு நான் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "சின்னத குட்த்துட்டா வூட்டாண்ட எடுக்கறதுக்கு?"

"அதுக்குத்தான் போன் இருக்கே."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். கேமரா இல்லாத பட்டன் போன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே மாதத் தவணையில் பில் போட்டேன்.

2. "போகஸ் ஆவல"

ஏழெட்டு மாதம் கழித்து ஆடித் தள்ளுபடி நேரத்தில் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"மேடம், லென்ஸு பூட்ச்சு. போகஸே ஆவல."

லென்ஸை வாங்கி வெளியே கொண்டுபோய் எதிர்க்கடை போர்டைப் பார்த்தேன். எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"வெளில ஆவுது. வூட்டுக்குள்ளதான் கர்ரு கர்ருன்னு சுத்திகினே கீது, நிக்க மாட்டுது."

"வீட்டுக்குள்ள எதை எடுக்கிறீங்க?"

"கஸ்தூரியத்தான். படுத்துட்டா மேடம். ரெண்டு கிட்னியும் பூட்ச்சுன்னு சொல்லிட்டாங்க. எடுக்க சொல்லி அவளே கேக்கறா. எப்பவும் வேணாம்னு சொல்றவ, இப்ப தலய வாரிகினு ஒக்காந்துக்கறா."

ஒவ்வொரு லென்ஸுக்கும் மினிமம் போகஸ் டிஸ்டன்ஸ் என்று ஒன்று உண்டு. அதைவிடக் கிட்டே இருப்பதை லென்ஸால் தெளிவாகப் பார்க்க முடியாது. அந்தப் பெருசுக்கு அது ஒன்பது அடி. விற்ற அன்று இதை நான் சொல்லவில்லை. இந்த முறைதான் சொன்னேன்.

"ஒம்போது அடியா? எங்க வூடே அவ்ளோ இல்லியே மேடம். வாசல தாண்டி சந்துல நின்னா எதிர்வூட்டு செவுத்துல முதுகு இடிக்குது." லென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அந்த சின்னது கீதா? ரெண்டு நாளு குட்த்தா போதும். திருப்பி குட்த்துடறேன்."

எக்ஸ்சேஞ்சில் எடுத்த அந்த வாரமே அது விற்றுப்போயிருந்தது. ஆனால் டெமோ அலமாரியில் அவர் கேமராவில் பொருந்துகிற வேறொரு ஃபிப்டி இருந்தது. சாவி என் இடுப்பில். முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான். பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். தேசிங்குக்குப் பின்னால் கூட்டம். என் கவுண்டரில் ஆறு பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். ஒருவர், "மேடம், எவ்வளவு நேரம்தான் நிக்கிறது?" என்று மேஜையைத் தட்டினார்.

"அடுத்த வாரம் வாங்க, கூட்டம் குறையட்டும். ஏதாவது பண்றேன்" என்றேன்.

"அடுத்த வாரமா?" என்றார். பிறகு, "சரி மேடம்" என்று லென்ஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. வரவில்லையே என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

3. பாஸ்கரின் கம்ப்யூட்டர்

அவர் வந்தது அதற்கும் ஒரு மாதம் கழித்து. தாடி வளர்ந்திருந்தது. கையில் கார்டு மட்டும். பார்த்ததுமே கஸ்தூரி போய்விட்டாள் என்று புரிந்துவிட்டது.

"ஆதார் போட்டோவ பெர்சு பண்ணிதான் பேனர் வெச்சாங்க. அதுல அவ மூஞ்சியே இல்ல மேடம், யாரோ மொறச்சிகினு கீற மாதிரி கீது. வேற யாராண்டயும் அவ படம் இல்ல. இந்த கார்டுல எங்கியாச்சும் அவ கீறாளா பாரு."

பழைய படங்கள் எங்கே என்று கேட்டேன். அந்தக் குழாயடிப் படம், முகத்தை மறைத்த படம்.

"அழிச்சிட்டேன். ஒரே கார்டுதானே கீது, எடம் பத்தல. அவதான் சொன்னா, என் மூஞ்சியதான் தெனம் பாக்கறியே, குருவிக்கு எடம் குடுன்னு."

அழித்த இடத்தில் எத்தனையோ முறை புதுப் படங்கள் பதிவாகியிருந்தன. அழிந்ததை மீட்கிற ரெகவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஆலா, உள்ளான், கொக்கு, மறுபடி ஆலா. திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"நிறுத்து. தோ, இது அவதான். காலைல டீ எத்துகினு வருவா."

மணல்திட்டில் ஓர் ஆலா, ஒவ்வொரு இறகும் எண்ணக்கூடிய தெளிவோடு. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், பச்சையாக ஒரு கறை. மேலே கொஞ்சம் பழுப்பு. அவ்வளவுதான்.

பிரிண்டிங் செக்‌ஷன் பாஸ்கரிடம் கொண்டுபோனோம். கலங்கிய படத்தைத் தெளிவாக்கும் ஏ.ஐ. சாஃப்ட்வேர் அவரிடம் இருந்தது. தேசிங்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கறை மெதுவாகச் சுருங்கியது. மூக்கு வந்தது, கண் வந்தது, பொட்டு வந்தது. பச்சைப் புடவையில் ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு இது?" என்றார் தேசிங்கு.

பாஸ்கர் என்னைப் பார்த்தார். படத்தில் இல்லாததை அது தானே யோசித்துப் போடும் என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

"கஸ்தூரிக்கு முன்பல்லு ஒண்ணு மேல ஏறிகினு இருக்கும். இது வேற பொம்பள. அழிச்சிடு நைனா."

பாஸ்கர் அழித்தார். தேசிங்கு பழைய படத்தையே பிரிண்ட் போடச் சொன்னார். "ஆலாவ வெட்டிடு. அவ மட்டும் போதும்." வெட்டிப் போட்ட பிரிண்டில் பச்சையும் பழுப்பும் மட்டும் இருந்தன. அவர் அதைக் கிட்டே வைத்துப் பார்த்தார், கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

அப்போது நான் சொல்லிவிட்டேன். அன்றைக்கு டெமோ அலமாரியில் லென்ஸ் இருந்தது, கேட்டிருந்தால் முதலாளி கொடுத்திருப்பார், நான் கேட்கவில்லை என்று.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். "நீ இன்னா பண்ணுவ மேடம்," என்றார். "நாந்தானே அழிச்சேன்."

4. குப்பத்தில்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த டெமோ ஃபிப்டியைப் பையில் போட்டுக்கொண்டு ஒல்காட் குப்பத்துக்குப் போனேன். முதலாளியிடம் கேட்டபோது, "எடுத்துட்டுப் போம்மா, இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றார். அவ்வளவு சுலபமாக இருந்தது அது.

வீடு அவர் சொன்னது போலத்தான். நடுவில் நின்று இரு கையையும் விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம். சுவரில் பேனருக்கு எடுத்த ஆதார் படம், மாலையோடு. பக்கத்தில் ஓர் ஆணியில் கேமரா, பெருசோடு தொங்கியது. அதன்மேல் தூசி படிந்திருந்தது. இப்போது பறவை பார்க்கப் போவதில்லை என்றார்.

லென்ஸை எடுத்து நீட்டினேன். வாங்கி, மூடியைத் திறந்து, கண்ணாடிக்குள் பார்த்தார். மறுபடி மூடி என் கையிலேயே வைத்தார்.

"யார எடுக்க மேடம்?"

டீ வாங்கி வரவா என்று கேட்டார். வேண்டாம் என்று கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழாமல் நடந்தேன்.

கவுண்டரில் நிற்கப்போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வருகிறவரிடம் எம்.எம். பேசுவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். யாரை எடுக்கப் போகிறீர்கள்? அவர் உங்களிடமிருந்து எத்தனை அடியில் இருப்பார்? பதிலைக் கேட்ட பிறகு ஷோகேஸைத் திறங்கள். டெமோ லென்ஸை ஒருவர் இரண்டு நாள் கேட்டால், கூட்டம் எவ்வளவு இருந்தாலும், அந்த நிமிஷமே எடுத்துக் கொடுங்கள்.

நான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். சிலர் யோசித்துப் பார்த்து, பெரிய லென்ஸை வைத்துவிட்டுச் சின்னதை வாங்கிப் போகிறார்கள். நல்லா சொன்னீங்க மேடம் என்கிறார்கள். எனக்கு அது சந்தோஷமாக இல்லை. நான் பாடம் கற்றுக்கொண்டேன், கஸ்தூரிக்கு முகம் இல்லை.